வீட்டு மூலிகையை வெட்டுவது, ஆய்வது, உலர்த்துவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மூலிகை வளர்ப்பது பெரிய பாடில்லை. உப்புவெளி மணலிலும் துளசி வரும். தம்பலகாமத்து வயல் ஓரத்தில் வல்லாரை தானாகப் படரும். கிணற்றடியில் குத்திவிட்ட கற்பூரவள்ளிக் கொப்பு கேட்பாரற்றுக் கிடந்தும் தழைத்துவிடும். வளர்ந்ததை எப்போது வெட்டுவது, எதை ஆய்ந்து எறிவது, எப்படி உலர்த்தினால் ஆறு மாதம் கழித்தும் மணம் நிற்கும் என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். வளவு நிறையச் செடி வைத்திருக்கிற வீட்டிலும் குசினித் தட்டில் இருப்பது பழுப்பேறிய சருகுதான். அதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. செடி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. வெட்டிய பிறகுதான் எல்லாம் கெட்டிருக்கிறது.

அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் செடியைக் கையாளுகிற முறை பற்றியவை. எந்த நோய்க்கு எந்த மூலிகை, எந்த அளவு என்பதைப் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் கேளுங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. படித்த வைத்தியருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

எந்த மாதத்தில் வெட்டி உலர்த்துவது நல்லது?

நம் ஊரில் இதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். ஆண்டுக்குப் பெய்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் வெட்டிய இலை உலராது, அவிந்து போகும். வைகாசி பிறந்து கச்சான் எழும்பினால் கதை மாறுகிறது. கச்சான், நாட்டின் மறுபக்கத்து மலைகளில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு நம்மிடம் வருகிற காற்று. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி நான்கு மாதமும் நமக்கு இயற்கை தந்த உலர்த்தி. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய துளசி, நிலவேம்பு, முருங்கையிலை, ஆடாதோடை எல்லாவற்றையும் இந்தக் காலத்தில் எடுத்துவிடுவதுதான் புத்தி.

மாசி, பங்குனியிலும் மழை குறைவுதான். ஆனால் காலையில் பனி இறங்கும், காற்றும் மந்தமாக இருக்கும். உலர்த்தலாம், இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் எந்த நேரம்?

பனி காய்ந்த பிறகு, வெயில் ஏற முன்னர். கோடையில் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரம் சரியாக வரும். துளசி, கற்பூரவள்ளி போன்ற மணமுள்ள செடிகளில் எண்ணெய் இலையின் மேற்பரப்பில் இருக்கிற நுண்ணிய சுரப்பிகளில் நிற்கிறது. வெயில் ஏற ஏற அது ஆவியாகிப் போகும். பத்து மணிக்குத் துளசிப் பாத்தியைக் கடந்து போகும்போது மூக்கில் ஏறுகிற அந்த வாசம், உங்கள் போத்தலுக்குள் வந்திருக்க வேண்டியது.

விளக்கு வைத்த பிறகு துளசி கிள்ளக் கூடாது என்று அம்மம்மாமார் சொல்லுவார்கள். துவாதசியிலும் தொடமாட்டார்கள். அந்த வழக்கம் உள்ள வீடுகள் அப்படியே செய்யுங்கள். உலர்த்துவதற்கும் மாலை நேரம் உகந்ததல்ல.

எங்கள் வீடு கடற்கரையோடு. இலையை எவ்வளவு காயவைத்தாலும் நாலு நாளில் துவண்டு போகிறது. ஏன்?

உப்பு. திருக்கடலூர், சல்லி, நிலாவெளிப் பக்கத்து வளவுகளில் கடற்காற்று கொண்டுவருகிற உப்பு இலையில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இலையோரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற சாமான். இலை எவ்வளவு முறுகக் காய்ந்தாலும், மேலே இருக்கிற உப்பு ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வெட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம், செடியிலேயே இலையின் இருபக்கமும் நனையும்படி நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். இரவோடு வடிந்து, காலைக் காற்றில் காய்ந்துவிடும். பிறகு வெட்டுங்கள். உங்கள் கிணறு உவர்க் கிணறு என்றால் அந்தத் தண்ணீரால் பயனில்லை. குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வேண்டும்.

வெட்டிய பிறகு கழுவக் கூடாதா?

கீரை சமைக்கக் கழுவுவது வேறு. உலர்த்தப் போகிற இலையை வெட்டிய பின் கழுவினால், அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர் தங்கி முதல் இரவே கறுக்கத் தொடங்கும். மேலே சொன்னபடி செடியில் இருக்கும்போதே கழுவுங்கள். வல்லாரை, கீழ்க்காய் நெல்லி போல நிலத்தோடு கிடக்கிறவற்றில் மண் ஒட்டியிருக்கும். அவற்றை மட்டும் வெட்டியதும் அலசி, உதறி, பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உலர்த்தப் போடுங்கள்.

துளசியை எங்கே வெட்டுவது? எவ்வளவு வெட்டலாம்?

துளசித் தண்டைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் அரிசி மணி அளவில் ஒரு சின்னக் குருத்து ஒளிந்திருக்கும். வெட்டு, அந்தக் குருத்துச் சோடிக்கு அரை விரல் மேலே விழ வேண்டும். பத்து நாளில் ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு தண்டு கிளம்பும். கணுவுக்குக் கீழே, வெறும் தண்டில் வெட்டினால் அந்த மிச்சத் தண்டு மேலிருந்து காய்ந்து கறுத்துக்கொண்டு வரும். சில வேளை கொப்போடு போய்விடும்.

ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அடியில் பழுப்பு நிறத்தில் மரமாக முற்றிய பகுதியைத் தொடவே வேண்டாம். அங்கிருந்து துளசி திரும்பத் துளிர்ப்பது அரிது. இந்த அளவோடு நின்றால், கோடை முழுவதும் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வெட்டலாம்.

பூ வந்த துளசி உதவாதா?

உதவும். ஆனால் பூக்கதிர் வெளிவரத் தொடங்குகிற நேரம்தான் உச்சம். மணம், காரம், எண்ணெய் எல்லாம் அப்போதுதான் இலையில் நிறைந்திருக்கும். கதிர் நீண்டு விதை பிடித்துவிட்டால் செடி தன் பலத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிடும். இலை சிறுத்துத் தடித்துப் போகும். ஆகவே கதிர் தலைகாட்டியதும் ஓர் அறுவடை செய்யுங்கள். விதைக்கு என்று ஒரு செடியை மட்டும் விட்டுவிடுங்கள், போதும்.

நிலவேம்புக்கும் இதே விதிதானா?

நிலவேம்பு ஓராண்டுச் செடி போல நடந்துகொள்ளும். அதனால் கணக்கு வேறு. நட்டு மூன்றிலிருந்து நான்கு மாதத்தில் பூ எடுக்கத் தொடங்கும். அதன் கசப்புக்குக் காரணமான ஆன்ட்ரோகிராபோலைட் என்ற பொருள் இலையில் மிகுந்திருப்பதும் அப்போதுதான். மொட்டு வெடிக்கத் தொடங்கிய கிழமையிலேயே, நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு முழுச்செடியையும் வெட்டுங்கள். ஈரம் இருந்தால் அடிக்கட்டை இன்னொரு முறை துளிர்க்கும். இரண்டாவது வெட்டில் முதல் வெட்டின் அளவை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. காய் முற்றிக் காய்ந்தால் பட்டென்று வெடித்து விதையைத் தூரத் தெறிக்கும். விதை எடுக்க விட்ட செடியில் காய் பழுப்பாக மாறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப் பையைக் கட்டிவிடுங்கள்.

இலையை ஆய்வது உலர்த்துவதற்கு முன்னரா, பின்னரா?

இரண்டு தடவையும். முன்னர் செய்வது துப்புரவு, பின்னர் செய்வதுதான் உண்மையான ஆய்தல்.

வெட்டிக்கொண்டு வந்ததும், வாடுவதற்கு முன்பே, நிழலில் குந்தியிருந்து ஒவ்வொரு கொப்பாக எடுங்கள். மஞ்சள் விழுந்த இலை, புழு அரித்த இலை, அடியில் மண் தெறித்த இலை, சிலந்தி கூடு கட்டிய நுனி எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கள். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிற கொப்பை முழுதாகவே விட்டுவிடுங்கள், ஆய்ந்து தப்பவைக்கப் பார்க்காதீர்கள். நல்ல இலையைத் தண்டிலிருந்து பிரிக்க வேண்டாம். தண்டோடு உலர்கிற இலை மெதுவாக உலரும், நிறமும் மணமும் கூடுதலாக நிற்கும். ஈரம் மிகுந்த நாட்களில் மட்டும், தடித்த தண்டுகளை அப்போதே நறுக்கி எடுத்துவிட்டு இலையைத் தனியே பரப்புங்கள். தண்டில் நிற்கிற ஈரம் இலையைக் கெடுத்துவிடும் என்பதால் அந்த மாற்றம்.

உலர்ந்த பிறகு சுளகில் போட்டு, கொப்பை ஒரு கையால் நுனியில் பிடித்து மறுகையால் அடிநோக்கி உருவினால் இலை உதிர்ந்துவிடும். தண்டை வேறாக வையுங்கள். பிறகு புடைக்கலாம். மெல்லிய சருகும் தூசும் முன்னால் பறக்கும், இலை பின்னால் நிற்கும். இலையை இந்தக் கட்டத்தில் நொறுக்காதீர்கள். முழு இலையாகவே போத்தலுக்குப் போக வேண்டும். நொறுக்க நொறுக்கச் சுரப்பிகள் உடைந்து மணம் வெளியேறும்.

தூதுவளைக்குக் கையுறை அவசியம். முள் தண்டில் மட்டுமல்ல, இலையின் அடிநரம்பிலும் வளைந்து நிற்கும். காய்ந்தால் இன்னும் கூர்மை. அதை ஆய்ந்து முடித்த சுளகைச் சமையல் அரிசி புடைக்க எடுக்காதீர்கள். ஒரு முள் சோற்றுக்குள் போனால் போதும்.

கத்தரிக்கோலா, கத்தியா?

கூரான கத்தரிக்கோல். மொட்டைக் கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் பிடிக்கும். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஸ்பிரிட்டில் துடையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசி வைத்தால் கடற்காற்றில் துருப்பிடிக்காது.

வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடுமே. ஏன் நிழல், நிழல் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. சித்த வைத்திய முறையில் இலைகளுக்கு "நிழலில் உலர்த்தி" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வேர், பட்டை, காய் வெயிலைத் தாங்கும். இலையும் பூவும் தாங்காது. திருகோணமலையில் ஆனி, ஆடி வெயில் 34, 35 பாகை செல்சியசுக்கு ஏறும். அது நிழல் அளவு. சீமெந்து முற்றத்தில், தகரக் கூரையில் நேர்வெயிலில் கிடக்கிற இலையின் சூடு அதைவிட வெகுவாகக் கூடும். 40 பாகையைத் தாண்டினாலே மணமுள்ள எண்ணெய்கள் வேகமாகப் பறக்கத் தொடங்கும். வெயிலின் ஒளி பச்சையத்தை உடைத்து இலையை வைக்கோல் நிறமாக்கும். முருங்கையிலையில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகிற பொருளையும் அது அழித்துவிடும். மேற்புறம் மட்டும் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடுவதும் நடக்கும். காய்ந்துவிட்டது என்று நம்பிப் போத்தலில் அடைத்தால், பத்தாம் நாள் பூஞ்சணம்.

நிழல் என்றால் இருட்டறை இல்லை. காற்று ஓட வேண்டும். விறாந்தையின் கிழக்கு மூலை, தாவாரத்துக்குக் கீழ், இரண்டு யன்னலும் திறந்த அறை எல்லாம் பொருத்தமானவை. கச்சான் மேற்கிலிருந்து வீசுவதால் மேற்கு யன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கமும் ஒரு வழி விடுங்கள். காற்று நுழைந்து வெளியேறினால்தான் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். வீதியோர வீடென்றால் கச்சானோடு புழுதியும் வரும். யன்னலில் பழைய நுளம்பு வலைத் துணியைக் கட்டுங்கள், வலை காற்றை மறிக்காது.

பரப்புவதற்குப் பன்பாய் நல்லது, அடியாலும் மூச்சு விடும். பொலித்தீன் விரிப்பில் போடவே கூடாது. அச்சடித்த பத்திரிகைத் தாளிலும் வேண்டாம், மை ஒட்டும். பாயை நிலத்தில் விரிக்காமல் கட்டில் சட்டத்திலோ இரண்டு கதிரைக்கு மேலோ உயர்த்தி வைத்தால் ஒரு நாள் முன்னதாகவே காயும். இலை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற கனம் ஒரு விரலைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு நாளும் காலையும் மாலையும் புரட்டிவிடுங்கள்.

கொப்போடு வெட்டியவற்றைத் தொங்கவிடலாம். ஆறேழு கொப்பைச் சேர்த்து அடியில் நூலால் கட்டி, தலைகீழாகக் கொடியில் போடுங்கள். கட்டு பெருத்தால் நடுவில் அவியும். காய்ந்து சுருங்கும்போது கட்டு தளர்ந்து கொப்புகள் நழுவும் என்பதால், இறப்பர் வளையம் நூலைவிட நல்லது.

கச்சான் காலத்தில் துளசி நான்கு முதல் ஆறு நாளில் காயும். வல்லாரையும் அப்படித்தான். நிலவேம்பு ஒரு கிழமை. ஆடாதோடை இலை தடிப்பு, அதற்கும் ஒரு கிழமைக்குக் குறையாது. மழை இருட்டினால் இரவில் பாயை உள்ளே எடுங்கள். இரவுப் பனி ஒரு நாள் உழைப்பைத் திருப்பிவிடும்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். ஈர்க்குத் தடிப்புள்ள தண்டொன்றை எடுத்து வளையுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம். முறிந்தாலும் நார் இழுத்துக்கொண்டு நின்றால் ஒரு நாள் பாக்கி. "டக்" என்ற சத்தத்தோடு இரண்டாகப் போனால் ஆயிற்று. இலையை விரலிடையே தேய்த்தால் பொடியாக வேண்டும், நிறம் மங்கிய பச்சையாக இருக்க வேண்டும், மணம் சட்டென்று எழும்ப வேண்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ துளசி காய்ந்து இருநூறு கிராமுக்குக் கிட்ட வந்தால் சரி. வல்லாரை அதைவிடவும் குறையும். அளவு குறைந்து போயிற்றே என்று கவலைப்படாதீர்கள்.

உடனே போத்தலில் போட்டு இறுக மூடலாமா?

இறுக மூடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். உலர்ந்த இலையைக் கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்குக்குப் போட்டு மூடி, ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டுப் பாருங்கள். தண்டிலும் நரம்பிலும் மிஞ்சிய ஈரம் இப்போது இலைக்குப் பரவும். உள்சுவரில் ஆவி படிந்திருந்தாலோ, நேற்று நொறுங்கிய இலை இன்று துவண்டிருந்தாலோ கொட்டி மறுபடி ஒரு நாள் உலர்த்துங்கள். ஒன்றுமில்லை என்றால் முதல் கிழமை முழுவதும் நாளுக்கொரு தடவை மூடியைத் திறந்து சில நிமிடம் காற்றாட விட்டு மூடுங்கள். அந்தக் கிழமை போனால் இலையெல்லாம் ஒரே பதத்துக்கு வந்து, பச்சைப் புல் வாடை போய், மூலிகையின் சொந்த மணம் மட்டும் நிற்கும்.

பழைய ஹோர்லிக்ஸ் போத்தல், ஜாம் போத்தல் எல்லாம் தாராளம். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். வைக்கிற இடம் இருட்டாக, அடுப்புக்குத் தள்ளியதாக இருக்கட்டும். மாரி காலத்துக்கு, வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து அடியில் போடலாம். வெட்டிய திகதியை ஒட்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். முழு இலை ஓராண்டு நிற்கும்.

இடித்துத் தூளாகவே வைத்தால் வசதிதானே?

வசதிதான், ஆயுள் குறைவு. சூரணத்துக்குச் சித்தர் மரபு மூன்று மாதம் என்று கெடு வைத்திருக்கிறது. அது சரியான கணக்கு. இலையாக வைத்துக்கொண்டு, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உரலிலோ கிறைண்டரிலோ போட்டு அரிதட்டில் அரித்து எடுங்கள். கிறைண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள், சூடேறினால் மணம் போகும்.

கார்த்திகை, மார்கழியில் வேண்டியிருந்தால் என்ன செய்வது? தடிமன் வருவதே அப்போதுதானே!

அந்த மாதங்களில் பச்சையாகவே பாவியுங்கள். மழைக்கு எல்லாம் தழைத்து நிற்கும். நொச்சி இலை ஆவி பிடிப்பதற்கு, கற்பூரவள்ளி சாறுக்கு, தூதுவளை ரசத்துக்கு, வல்லாரை சம்பலுக்கு. உலர்த்தத் தேவையே இல்லை. உலர்ந்தது வேண்டுமென்றால் கோடையில் செய்து வைத்த போத்தலை எடுங்கள். அதற்குத்தான் அந்த உழைப்பு.

கட்டாயம் உலர்த்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், சிறிய அளவில், மூடிய அறையில் மின்விசிறிக்கு முன்னால் சுளகில் பரப்பி இரவு பகலாக ஓடவிடுங்கள். அடுப்புக்கு மேல் தொங்கவிடுவது பழைய வழக்கம். ஈரம் போகும், ஆனால் புகை வாடை ஏறிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம்.

கற்பூரவள்ளியை எப்படி உலர்த்துவது?

உலர்த்தாதீர்கள். இலை சதைப்பற்று, தண்ணீர் மிகுதி. காயும்போது கறுத்து, மணத்தில் பாதியை இழந்துவிடும். ஆண்டு முழுவதும் துளிர்க்கிற செடி அது. வேண்டும்போது நுனியிலிருந்து இரண்டு சோடி இலையைக் கிள்ளுங்கள், அவ்வளவுதான். கறிவேப்பிலையும் ரம்பையும் பச்சையாகப் பாவிக்கவே சிறந்தவை.

முருங்கையிலை உருவிக் கை வலிக்கிறது. சுலப வழி இல்லையா?

உண்டு. பின்னேரம் கொப்போடு முறித்து வந்து, ஒரு பருத்திச் சேலையில் தளர்வாகச் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் தாமாகவே கொட்டும், ஈர்க்கு கையில் நிற்கும். மஞ்சள் இலையை ஆய்ந்து, நிழலில் மெல்லிய படையாகப் பரப்புங்கள். கச்சானுக்கு இரண்டு மூன்று நாளில் காயும். கடும் பச்சை நிறம் மாறாமல் இருந்தால் நீங்கள் செய்தது சரி.

கிண்ணியாவிலிருந்து கேட்கிறேன். எங்கள் உம்மா ஆவாரம்பூத் தேத்தண்ணீர் குடிப்பவர். பூவை எப்படி எடுப்பது?

ஆவாரை நம் வரண்ட கரையோரத்துக்குச் சொந்தச் செடி. விரிந்த பூவையும் விரியத் தயாரான மொட்டையும் காலையில் எடுங்கள். முற்றி இதழ் சோர்ந்ததை விடுங்கள். காம்பை நீக்கிவிட்டு நிழலில் ஒற்றைப் படையாகப் பரப்புங்கள். பூவுக்குள் சிறு எறும்பும் வண்டும் ஒளிந்திருக்கும், பரப்பியதும் அரை மணித்தியாலம் விட்டால் வெளியேறிவிடும். பிரதான வீதியோரத்துச் செடியில் பறிக்காதீர்கள், வாகனப் புகையும் தூசும் கழுவிப் போகாது. செவ்வரத்தம் பூவுக்கு இதழை மட்டும் எடுத்து, நடுக்காம்பையும் மகரந்தத்தையும் நீக்குங்கள்.

உங்கள் உம்மா நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் என்றால், இந்தத் தேத்தண்ணீர் பற்றி வைத்தியரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம்.

வேறு யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்கிற வசிசின் அதில் இருக்கிறது. நிலவேம்பும் அவர்களுக்கு வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முருங்கையிலைத் தூளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள உயிர்ச்சத்து கே மருந்தோடு மோதும். பூஞ்சணம் பிடித்த இலையை எவருமே பாவிக்கக் கூடாது. பூத்த பகுதியை மட்டும் எறிந்துவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு போத்தல் முழுவதும் பரவியிருக்கும். போத்தலோடு கொட்டுங்கள்.

தலைகீழாகத் தொங்கவிடுவது, போத்தலில் வைத்துத் திறந்து மூடுவது எல்லாம் இணையத்தில் கஞ்சாவுக்குச் சொல்லுகிற முறையாகவே இருக்கிறதே? கனடாவில் இருக்கிற மச்சான் வீட்டில் வளர்க்கிறானாம். இங்கே இரண்டு செடி வைத்தால் என்ன?

வைக்க முடியாது, தம்பி. கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து பொதுவாக ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை சட்டம் விடுகிறது. ஜேர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயதுவந்த ஒருவருக்கு மூன்று. நீங்கள் பார்க்கிற காணொளிகள் பெரும்பாலும் அப்படியான நாடுகளிலிருந்து வருபவை. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வளவில் ஒரு செடி நின்றாலும் குற்றம்தான். மருந்துக்குத்தான், சொந்தப் பாவனைக்குத்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. பொலிஸ், நீதிமன்றம், வழக்குத் தவணை என்று அலைந்து, வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கிற வயதில் பெயரில் ஒரு வழக்கோடு நிற்க வேண்டாம். பிடிபடுகிற பிள்ளையோடு சேர்ந்து அந்த வீடே தலைகுனிகிறது. முறை ஒன்று போலத் தெரிவதற்குக் காரணம், மணமுள்ள எந்த இலையும் நிழலிலும் மெதுவாகவும் உலர வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கைப்பழக்கத்தைத் துளசியிலும் நிலவேம்பிலும் காட்டுங்கள்.

பூச்சி பிடித்தால் மருந்து அடிக்கலாமா?

குடிக்கப் போகிற இலைக்கு இரசாயனம் வேண்டாம். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து மாலையில் அடியுங்கள். அடித்த பிறகு ஒரு கிழமையாவது விட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, அதன் பின் வெட்டுங்கள். பக்கத்து வயலிலோ மரக்கறித் தோட்டத்திலோ கிருமிநாசினி அடித்த கிழமையில் உங்கள் செடியையும் தொடாதீர்கள். காற்று வேலி பார்ப்பதில்லை.

ஆய்ந்து எறிந்த தண்டையும் பழுத்த இலையையும் என்ன செய்யலாம்?

காய்ந்த துளசித் தண்டும் நொச்சிக் கொப்பும் பின்னேரத்தில் நுளம்புக்குப் புகை போட உதவும். பச்சைக் கழிவைத் தென்னையடியில் போட்டு மூடுங்கள். பூச்சி பிடித்ததை மட்டும் எரித்துவிடுங்கள், பசளைக் குழியில் போட்டால் திரும்ப வரும்.

மாரிக்கு முன் செடியை என்ன செய்ய வேண்டும்?

புரட்டாதி நடுவில் கடைசி அறுவடையை முடியுங்கள். ஆடாதோடை, நொச்சி, முருங்கை ஆகியவற்றை அப்போது பலமாக வெட்டிவிடலாம். முருங்கையை இடுப்பளவுக்கும் நெஞ்சளவுக்கும் இடையில் தறித்தால், கார்த்திகைக் காற்றுக்கு முறிந்து கூரையில் விழாது. வெட்டு வாய் சரிவாக இருக்கட்டும், மழைத்தண்ணீர் தேங்காமல் வழியும். துளசியை அப்படித் தறிக்காதீர்கள். லேசாக நுனி கிள்ளி, சட்டியில் உள்ளதைத் தாவாரத்துக்குள் நகர்த்துங்கள். மணல் நிலத்தில் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போவதால், பசளையை இப்போது கொட்டிப் பயனில்லை. தை கடைசியில் மழை விட்டதும், அடிமண்ணைக் கிளறி இரண்டு கூடை மக்கிய மாட்டெருவைப் போட்டு, மேலே காய்ந்த தென்னோலையால் மூடிவிடுங்கள். பங்குனிக்குள் வெட்டத் தக்க கொழுந்து நிற்கும்.